‘நெட் வரவில்லை’ என்றால் எங்கே வரவில்லை? வீட்டு இணைப்பின் சொற்களுக்கு ஒரு கையேடு

வீட்டில் இணையம் நின்றுபோனதும் எல்லோரும் சொல்வது ‘நெட் வரவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தைத்தான். அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. கையிலிருக்கும் கைப்பேசிக்கும் பார்க்க வேண்டிய இணையதளத்துக்கும் நடுவே ஐந்தாறு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி இருக்கிறது. அதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் தெரிவது சுற்றிக்கொண்டேயிருக்கும் அதே வட்டம்தான். மோடம், ரூட்டர், ஐபி, டிஎன்எஸ் என்று காதில் விழுந்துகொண்டேயிருக்கும் சொற்களில் பெரும்பாலானவை அந்தச் சங்கிலியின் ஏதாவதொரு கண்ணிக்கு இட்ட பெயர்கள். ஆகவே அவற்றை அகரவரிசையில் படிப்பதால் பெரிய பயனில்லை. கைப்பேசியிலிருந்து புறப்பட்டு வீட்டுக்கு வெளியே போகும் வழியில் எது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியும் கூடவே பிடிபட்டுவிடும். இந்தக் கையேடு அந்த வரிசையில்தான் செல்கிறது.

வைஃபை வேறு, இணையம் வேறு

கைப்பேசியின் மேல் மூலையில் வைஃபை கோடுகள் முழுதாக எரிந்துகொண்டிருக்கும். ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. ‘சிக்னல் முழுசாக இருக்கிறதே, பிறகு ஏன் வரவில்லை’ என்ற குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. அந்தக் கோடுகள் காட்டுவது உங்கள் கைப்பேசிக்கும் வீட்டிலுள்ள ரூட்டருக்கும் இடையிலான ரேடியோ தொடர்பின் பலத்தை மட்டுமே. ரூட்டருக்கு அப்பால் கம்பி அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுதாகவே எரியும். வைஃபை என்பது வீட்டுக்குள் கேபிளுக்குப் பதிலாக வைத்த ஓர் ஏற்பாடு. இணையம் என்பது வீட்டுக்கு வெளியே இருக்கும் வலைப்பின்னல்.

இந்த உள், வெளி என்ற வேறுபாட்டுக்குத் தொழில்நுட்பத்தில் இரண்டு சொற்கள் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி, பிரின்டர் ஆகியவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலை ‘லேன்’. வெளியுலகத்தை நோக்கிய பக்கம் ‘வேன்’. ரூட்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் ஒரே மாதிரியான நான்கைந்து துளைகள் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் அல்லது சற்றுத் தள்ளி இருக்கும். அந்த ஒன்று வேன், மற்றவை லேன். தூசு துடைக்கும்போது கழன்றுபோன கேபிளைத் தவறான துளையில் செருகிவிட்டு அரைநாள் தேடுவது சகஜமான விபத்து.

ஒரு பெட்டிக்குள் நான்கு வேலைகள்

நாம் ‘ரூட்டர்’ என்று பொதுவாக அழைக்கும் பெட்டி உண்மையில் மூன்று நான்கு கருவிகளை ஒரே உறைக்குள் அடைத்தது. வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது மோடத்தின் வேலை. கண்ணாடியிழை இணைப்பாக இருந்தால் அதே வேலையை ஓஎன்டி என்ற கருவி செய்கிறது. வீட்டு வலையையும் வெளி வலையையும் இணைத்து, எந்தத் தகவல் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது ரூட்டர். முதுகிலுள்ள லேன் துளைகளின் தொகுதி ஒரு ஸ்விட்ச். கேபிள் இல்லாத கருவிகளுக்காக ரேடியோ அலையை வீசுவது அக்சஸ் பாயின்ட். இவை தனித்தனிப் பெட்டிகளாகவும் கிடைக்கின்றன. வீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தால் எது எந்த வேலையைச் செய்கிறது என்று ஒருமுறை பார்த்து ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

கண்ணாடியிழை இணைப்பு உள்ளவர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டியது ‘லாஸ்’ என்று பெயர் அச்சிடப்பட்ட சிறு விளக்கு. வழக்கமாக அது அணைந்திருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ விட்டுவிட்டு மின்னினாலோ, இழையின் வழியே ஒளி வந்துசேரவில்லை என்று பொருள். இழை எங்கோ அறுந்திருக்கலாம், சுவரோரம் கூர்மையாக மடங்கியிருக்கலாம், அல்லது பெட்டியில் செருகிய முனை தளர்ந்திருக்கலாம். இந்த நிலையில் ரூட்டரின் செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. முனை சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். கழன்ற இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கக் கூடாது; அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி, வருகிறதா இல்லையா என்று பார்வைக்கு எப்படியும் தெரியாது, கண்ணுக்குக் கேடு மட்டும்தான் மிச்சம்.

ஐபி முகவரி: யார் கொடுத்தது, எங்கே செல்லும்

கைப்பேசியின் செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குள் போய், இணைந்திருக்கும் வலையின் பெயரைத் தொட்டால், 192.168.1.7 என்பது போன்ற ஓர் எண் தெரியும். இதுதான் ஐபி முகவரி. புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த வகை முகவரிக்கு ஐபிவி4 என்று பெயர். மொத்தம் 32 பிட் நீளம் என்பதால் இவ்வகையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான் உருவாக்க முடியும். உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது போதாது என்பது வெகுகாலத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது.

போதாத முகவரிகளைச் சமாளிக்கக் கண்ட உபாயம்தான் தனியார் முகவரி. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் பயன்படுத்துவதற்காக ஒதுக்கப்பட்டவை. உங்கள் கைப்பேசிக்கு இருக்கும் 192.168.1.7 என்ற எண் இன்னும் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கருவிகளுக்கு இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே வந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வெளியுலகம் காண்பது ரூட்டருக்கு இணைய சேவை நிறுவனம் கொடுத்த பொது முகவரியை மட்டுமே. உள்ளேயிருக்கும் பத்துக் கருவிகளும் அந்த ஒரே பொது முகவரியின் பின்னால் நின்றுகொண்டு பேசுகின்றன. எந்தப் பதில் எந்தக் கருவிக்கு உரியது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு ரூட்டர் பிரித்துக் கொடுக்கிறது. இந்த வேலைக்கு ‘நாட்’ என்று பெயர்.

சில நிறுவனங்கள் இதையே இன்னொரு படி மேலே கொண்டுபோய், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. ரூட்டரின் வேன் பகுதியில் தெரியும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்கள் வீடும் அப்படிப்பட்ட கூட்டுக்குடித்தனத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். படம் பார்ப்பதற்கும் மின்னஞ்சல் அனுப்புவதற்கும் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவுடனோ வீட்டிலுள்ள சேமிப்புப் பெட்டியுடனோ நேராகத் தொடர்புகொள்ள முயல்பவர்கள், எந்த செட்டிங்கை மாற்றியும் வேலை நடக்காமல் திண்டாடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நீண்டகாலத் தீர்வாக வந்தது ஐபிவி6. அதன் நீளம் 128 பிட். எண்களும் எழுத்துகளும் கலந்து, முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு, பார்ப்பதற்கு மிரட்சி தருவதாக இருக்கும். உங்கள் கைப்பேசியில் பழைய முகவரியும் புதிய முகவரியும் ஒருசேர இருந்தால் அது கோளாறல்ல, இரண்டும் அருகருகே ஓடும்படிதான் அமைத்திருக்கிறார்கள்.

இனி, இந்த எண்ணை யார் கொடுத்தது என்ற கேள்வி. ரூட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்ற சேவைதான் கொடுத்தது. புதிய கருவி ஒன்று வலைக்குள் வந்தவுடன் ‘எனக்கு ஒரு முகவரி வேண்டும்’ என்று பொதுவாகக் குரல் கொடுக்கிறது. டிஹெச்சிபி காலியாக இருக்கும் ஓர் எண்ணை எடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குத் தருவதுபோலத் தருகிறது. எண்ணோடு வேறு இரண்டு விவரங்களையும் சேர்த்தே தருகிறது: வெளியே போக வேண்டுமானால் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ‘கேட்வே’ முகவரி ஒன்று, பெயர்களை யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும் டிஎன்எஸ் முகவரி மற்றொன்று. வீடுகளில் கேட்வே என்பது ரூட்டரேதான், 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பவை அதற்கு வழக்கமாக அமையும் எண்கள்.

கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஹெச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை, ஆகவே கணினி தனக்குத்தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த ஓர் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கோளாறு வெளியே இல்லை, கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவில்தான் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

டிஹெச்சிபியின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு முட்டாள்தனத்துக்குப் பிறகுதான். மாடியறைக்கு வைஃபை எட்டவில்லை என்பதற்காக, பரணில் கிடந்த பழைய ரூட்டரை எடுத்து, புதிய ரூட்டரின் லேன் துளையிலிருந்து பழையதன் லேன் துளைக்குக் கேபிள் போட்டு மாட்டிவைத்தேன். அன்று முழுவதும் ஒழுங்காக ஓடியது. மறுநாள் மடிக்கணினியில் இணையம் வந்தது, கைப்பேசியில் வரவில்லை. சற்று நேரம் கழித்து நேர்மாறாக ஆனது. பிரின்டர் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. சேவை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு முறை சண்டையும் போட்டாயிற்று. கடைசியில் எல்லாக் கருவிகளின் முகவரிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், பாதிக் கருவிகளின் முகவரி 192.168.1 என்றும் மீதி 192.168.0 என்றும் தொடங்குவதைக் கவனித்தேன். இரண்டு ரூட்டர்களும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி வழங்கியிருக்கின்றன. பழைய ரூட்டர் முந்திக்கொண்டு பதில் சொன்ன கருவிகளெல்லாம், வெளியுலகத் தொடர்பே இல்லாத அந்தப் பழைய பெட்டியைக் கேட்வே என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பழையதில் டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு வீட்டு வலையில் முகவரி வழங்கும் கை ஒன்றுதான் இருக்க வேண்டும்.

‘மேக் முகவரி’ என்ற ஒன்றும் இந்தத் திரைகளில் தென்படும். இரண்டிரண்டாகப் பிரித்த பன்னிரண்டு எழுத்தெண்கள் கொண்ட இது, கருவியின் வலைப்பகுதிக்குத் தயாரிப்பாளர் இட்ட அடையாளம். ஐபி மாறும், மேக் மாறாது என்று முன்பெல்லாம் சொல்வார்கள். இப்போதைய கைப்பேசிகள் தனியுரிமைக்காக ஒவ்வொரு வலைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. அதனால், குறிப்பிட்ட மேக்கை மட்டும் அனுமதிப்பதாக ரூட்டரில் அமைத்திருப்பவர்களுக்குப் புதிய கைப்பேசி வாங்கியதும் தலைவலி தொடங்கும்.

டிஎன்எஸ்: பெயரைச் சொன்னால் எண்ணைத் தருவது

இணையதளங்களுக்கு நாம் பெயர் வைத்து அழைக்கிறோம். கருவிகளுக்குத் தெரிந்ததோ எண்கள் மட்டுமே. பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். இணையம் சிறியதாக இருந்த காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, அந்தக் கோப்பை எல்லோரும் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுக்கடங்காமல் போகவே, 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். முழுப் பட்டியலும் ஓரிடத்தில் இல்லாமல், ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான வழங்கிகள் (சர்வர்கள்) அந்தந்தப் பகுதியின் பெயர்களை வைத்திருப்பது அதன் அடிப்படை.

வீட்டுப் பயனர் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், ‘நெட் வரவில்லை’ என்ற புகார்களில் ஒரு பகுதி இங்கேதான் முளைக்கிறது. இணைப்பு நன்றாக இருக்கும், டிஎன்எஸ் வழங்கி மட்டும் மயங்கிக் கிடக்கும். அப்போது பெயர் போட்டுத் திறக்கும் எந்தப் பக்கமும் வராது; ஏற்கெனவே தொடர்பில் இருக்கும் காணொளி அழைப்பு மட்டும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சோதிப்பது எளிது. விண்டோஸ் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு 1.1.1.1 என்று எழுதி என்டர் விசையை அழுத்துங்கள். நான்கு வரிகளில் பதில் வந்து, ஒவ்வொன்றிலும் இத்தனை மில்லி விநாடி என்று தெரிந்தால் வெளியுலகம் வரை பாதை திறந்திருக்கிறது. அதன்பின் எண்ணுக்குப் பதிலாக ஏதாவதொரு இணையதளத்தின் பெயரைப் போட்டு அதே கட்டளையைத் தாருங்கள். அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று விடை வந்தால் குற்றவாளி டிஎன்எஸ்தான்.

தீர்வும் எளியது. நிறுவனம் தரும் டிஎன்எஸ்ஸுக்குப் பதிலாக யாரும் பயன்படுத்தக்கூடிய பொது டிஎன்எஸ் முகவரி ஒன்றை ரூட்டரிலோ கணினியிலோ எழுதிவிடலாம். கூகுள் 2009 முதல் நடத்தும் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேர் 2018இல் தொடங்கிய 1.1.1.1, குவாட்9 அமைப்பின் 9.9.9.9 ஆகியவை பரவலாகப் புழங்குபவை. டிஎன்எஸ்ஸை மாற்றினால் இணைய வேகம் பல மடங்கு கூடிவிடும் என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். பக்கம் திறக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் சிறிது வேறுபாடு தெரியலாம், பதிவிறக்க வேகத்துக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை.

வேகம் என்ற ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள்

திட்டத்தின் விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் என்று இருக்கும். கோப்பு ஒன்றைப் பதிவிறக்கும்போது கணினி விநாடிக்கு 12 எம்பி என்று காட்டும். ஏமாற்றப்பட்டோமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட்; கோப்புகளை அளப்பதோ மெகாபைட்டில். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே நூறை எட்டால் வகுத்தால் வரும் 12.5 மெகாபைட்தான் அந்த இணைப்பின் உச்சம். 1 ஜிபி கோப்பு ஒன்று எல்லாம் ஒழுங்காக இருந்தால் 80 விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இந்தக் கொள்ளளவுக்குப் பெயர் பேண்ட்வித். கீழிறக்கத்துக்கும் மேலேற்றத்துக்கும் பேண்ட்வித் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சில திட்டங்களில் மேலேற்றம் கீழிறக்கத்தில் ஒரு சிறு பங்குதான். நம் முகம் மட்டும் எதிராளியின் திரையில் கட்டங்கட்டமாக உடைந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பேண்ட்வித் நிறைய இருந்தும் விளையாட்டு திக்குகிறது, அழைப்பில் குரல் பிந்தி வருகிறது என்றால் பார்க்க வேண்டியது லேட்டன்சி. ஒரு செய்தி போய்த் திரும்பி வர ஆகும் நேரம் அது. பிங் கட்டளை காட்டும் மில்லி விநாடிக் கணக்கு இதுவே. குழாய் அகலமாக இருப்பது வேறு, நீர் வந்துசேரும் நேரம் வேறு. கண்ணாடியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 10,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வழங்கியைத் தொட்டுத் திரும்ப 100 மில்லி விநாடியாவது ஆகியே தீரும். எவ்வளவு விலையுயர்ந்த திட்டத்துக்கு மாறினாலும் இது குறையாது. பூமியிலிருந்து சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்ட செயற்கைக்கோள் வழியே வரும் இணைப்பில் இதே காரணத்தால் அரை விநாடிக்கு மேல் தாமதம் இருக்கும்.

இந்தத் தாமதம் ஒரே சீராக இல்லாமல் 20, 180, 35 என்று துள்ளினால் அதற்கு ஜிட்டர் என்று பெயர்; சீரான 80ஐவிட, துள்ளும் 30 அழைப்புக்குக் கேடு. தகவல் சிறுசிறு பொட்டலங்களாகத்தான் பயணம் செய்கிறது. அவற்றில் சில வழியிலேயே தொலைவது பேக்கெட் லாஸ். வீட்டில் ஒருவர் பெரிய காணொளியை மேலேற்றத் தொடங்கியதும் மற்ற எல்லோருக்கும் இணையம் திக்குகிறது என்றால், பொட்டலங்கள் ரூட்டரின் வாசலில் வரிசைகட்டி நிற்கின்றன என்று புரிந்துகொள்ளலாம். முன்னுரிமை தரும் க்யூஓஎஸ் என்ற வசதி ரூட்டரில் இருந்தால், மேலேற்றத்துக்கு இணைப்பின் உச்சத்தைவிடச் சற்றுக் குறைவான வரம்பு வைத்துப் பாருங்கள்.

வேகத்தைச் சோதிக்கும்போது கைப்பேசியில் சோதித்துவிட்டு நிறுவனத்தைக் குறைசொல்வது நியாயமாகாது. கேபிளால் நேராக இணைத்த கணினியில் முதலில் சோதியுங்கள். அங்கே சரியாக இருந்து கைப்பேசியில் குறைந்தால், குறை வைஃபையில்.

அலைவரிசையும் சுவர்களும்

வைஃபை பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பட்டைகளில் இயங்குகிறது. புதிய கருவிகள் சிலவற்றில் 6 ஜிகாஹெர்ட்ஸும் உண்டு. 2.4 சுவர்களைத் தாண்டி நெடுந்தூரம் எட்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர்களைக் கடந்ததும் களைத்துவிடும். இதை 5ஜி கைப்பேசிச் சேவையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் 5 என்பது ஐந்தாம் தலைமுறை, இதில் 5 என்பது அலைவரிசை.

2.4 பட்டைக்குள் சானல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றையொன்று தொடாதவை. அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் 6இல் கூச்சலிட்டுக்கொண்டிருந்தால் உங்களுடையதை 1க்கோ 11க்கோ மாற்றுவது பயன் தரும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே பட்டையில்தான் வேலை செய்கிறது. உணவு சூடாகும் இரண்டு நிமிடம் மட்டும் பாட்டு நின்று நின்று வருகிறது என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ரூட்டரை வைக்கும் இடம் எந்தச் செட்டிங்கையும்விட முக்கியம். அழகில்லை என்று அதை இரும்பு அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ ஒளித்துவைப்பவர்கள் அநேகர். உலோகமும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பியடிக்கும், நீர் அதை விழுங்கிவிடும். மீன்தொட்டிக்குப் பின்னால் நிற்கும் ரூட்டரால் எதிர்ப்புற அறைக்குச் சரியாகப் பேச முடியாது. வீட்டின் நடுவில், நெஞ்சு உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். அப்படியும் எட்டாத அறைக்கு ரிப்பீட்டர் வாங்கலாம். ஆனால் ஒரே ரேடியோவில் கேட்டதையே திருப்பிச் சொல்லும் மலிவான ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். பல பெட்டிகள் ஒரே வலையாகச் சேர்ந்து இயங்கும் மெஷ் ஏற்பாடு அதைவிட மேல். அந்த அறை வரை கேபிள் இழுத்து அக்சஸ் பாயின்ட் ஒன்றை மாட்டுவது எல்லாவற்றிலும் மேல்.

கேபிளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேட்5இ, கேட்6 என்று உறையில் அச்சிட்டிருக்கும் கேபிள் எதுவாயினும் 100 மீட்டர் நீளம் வரை 1 ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும். அதற்குள் எட்டுக் கம்பிகள் நான்கு முறுக்கு ஜோடிகளாக ஓடுகின்றன. அவற்றில் ஒன்று துண்டானாலும் இணைப்பு அறவே நின்றுவிடும் என்பதில்லை. பல நேரங்களில் இரண்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு 100 மெகாபிட்டுக்கு ஓசையில்லாமல் இறங்கிவிடும். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குச் சோதனையில் எப்போதும் 94, 95 என்றே வந்துகொண்டிருந்தால், நிறுவனத்தை அழைக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பூட்டுகள்

வைஃபையின் பெயருக்கு எஸ்எஸ்ஐடி என்று பெயர். அதை மறைத்துவைப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை. குறியாக்க முறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 2018இல் வந்த டபிள்யூபிஏ3ஐயும், பழைய கருவிகள் அதை ஏற்காவிட்டால் டபிள்யூபிஏ2ஐயும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி என்பது எப்போதோ உடைக்கப்பட்டுவிட்ட பூட்டு. எட்டு இலக்க எண்ணைத் தட்டி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அந்த எண்ணை இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதால் பத்துக் கோடி முயற்சிக்குப் பதில் 11,000 முயற்சியிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இல் வெளியாயிற்று.

வைஃபை கடவுச்சொல்லும் ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லும் வெவ்வேறு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. முன்னது வீட்டுக்குள் நுழையும் சாவி, பின்னது வீட்டையே மாற்றிக் கட்டும் அதிகாரம். உலாவியில் கேட்வே முகவரியைத் தட்டினால் வரும் பக்கம் கேட்பது இரண்டாவதை. பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் கடவுச்சொல்லே இன்னும் வேலை செய்கிறதென்றால் இன்றே மாற்றுங்கள். அதே பக்கத்தில் ஃபர்ம்வேர் என்று ஒரு பகுதி இருக்கும். ரூட்டரை இயக்கும் மென்பொருள் அது. புதிய பதிப்பு இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். விருந்தினருக்கும், மலிவான கேமரா, மின்விளக்கு போன்ற கருவிகளுக்கும் கெஸ்ட் நெட்வொர்க் என்ற தனி வலையை ஒதுக்கினால், அவற்றில் ஒன்று கெட்டுப்போனாலும் உங்கள் கணினியை எட்டாது.

ஒரே முகவரியில் பல சேவைகள் இயங்குவதற்காக உள்ள கதவெண்கள் போர்ட் எனப்படும். பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443. வெளியிலிருந்து தானாக வந்து தட்டும் எதையும் ஃபயர்வால் உள்ளே விடாது. போர்ட் ஃபார்வர்டிங் என்பது நாமே ஒரு கதவைத் திறந்துவைப்பது. எதற்குத் திறக்கிறோம் என்று தெளிவாகத் தெரியாவிட்டால் திறக்காமலிருப்பதே மேல். விபிஎன்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், உங்கள் போக்குவரத்தைச் சேவை நிறுவனம் பார்க்காமல் மறைக்கும். அதற்கு மாறாக விபிஎன் நடத்துபவர் பார்க்கும் இடத்தில் அமர்ந்துகொள்வார்.

நின்றுபோனால் என்ன செய்வது

முதலில் வேறொரு கருவியில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோளாறு உங்கள் கருவியில். எதிலும் வரவில்லை என்றால் லாஸ் விளக்கு. அது எரியவில்லை என்றால் உங்கள் ஐபி முகவரி, 169.254 என்று தொடங்கினால் கருவிக்கும் ரூட்டருக்கும் இடையே பாருங்கள். முகவரி சரியாக இருந்தால் கேட்வேக்கு ஒரு பிங், அடுத்து 1.1.1.1க்கு ஒரு பிங், அதன்பின் ஒரு பெயருக்கு ஒரு பிங். சில இணையதளங்கள் வேண்டுமென்றே பிங்குக்குப் பதில் தராமல் இருக்கும் என்பதால் ஒன்றுக்கு இரண்டு பெயர்களைச் சோதிப்பது நல்லது. பதில் எங்கே நிற்கிறதோ அதற்கு அடுத்த கண்ணிதான் அறுந்தது. வாடிக்கையாளர் சேவையை அழைத்து, ‘லாஸ் எரியவில்லை, கேட்வே பதில் தருகிறது, 1.1.1.1 பதில் தரவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். பெட்டியை அணைத்துப் போடச் சொல்லும் முதல் பத்து நிமிடம் பெரும்பாலும் மிச்சமாகும்.

அணைத்துப் போடுவதைப் பற்றி இன்னொன்று. ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. மின்சாரத்தை நிறுத்தி அரை நிமிடம் கழித்துப் போடுவது ரீஸ்டார்ட். அதனால் எதுவும் அழியாது. பெட்டியின் பின்னால் ஊசிமுனை நுழையும் அளவு ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் இருக்கும் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் நீங்கள் அமைத்த அனைத்தும் அழிந்து, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். பிபிபிஓஇ முறையில் இணையும் வீடுகளில், நிறுவனம் தந்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அதோடு சேர்ந்தே போய்விடும். அவை இல்லாமல் ரூட்டர் மீண்டும் இணையாது. ஆகவே அந்தத் துளைக்குள் எதையும் நுழைக்கும் முன், நிர்வாகப் பக்கத்தின் வேன் பகுதியைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் அங்கே புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால், அதை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி எழுதிவைத்த பிறகே பொத்தானைத் தொடுங்கள்.